4. தண்ணீர்த் தட்டும் பெருக்காத மூலையும்

பறவை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். தானியம் போட்டுத் தொங்கவிடும் குப்பி, வண்ணம் பூசிய மரப்பெட்டி, பொட்டலத்தில் கலப்புத் தீனி. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஒரு வாரம் பார்க்கிறார்கள். மாடப்புறாவும் அணிலும் வருகின்றன. காக்கை ஒருநாள் வந்து குப்பியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறது. "எங்கள் தெருவில் குருவியே இல்லை" என்று சொல்லி, குப்பியைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

குப்பி தொங்கவிடுவது பனி பெய்யும் நாட்டுப் பழக்கம். அங்கே குளிர்காலத்தில் மண் இறுகிவிடும், பூச்சி அடங்கிவிடும், இரை தேடப் பகலும் போதாது. அந்த மாதங்களைத் தாண்டுவதற்கு மனிதர் வைக்கும் தானியமும் கொழுப்பும் பறவைக்கு உதவுகின்றன. நம் ஊரில் நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் புழுவும் பூச்சியும் பெருகுகின்றன, புல் விதை பிடிக்கிறது. நம் பறவைகள் தவிப்பது பங்குனியிலிருந்து ஆனி வரை. தவிப்பதும் தண்ணீருக்கு. அதோடு, கொல்லைக்கு வரக்கூடிய தேன்சிட்டு, தையல்சிட்டு, கரிச்சான், குக்குறுவான், குயில், மரங்கொத்தி எதுவும் தானியம் தின்பதில்லை. அவற்றுக்குக் கம்பும் தினையும் எதற்கு?

ஆகவே இந்த அத்தியாயத்தின் வரிசை இது: முதலில் தண்ணீர், அடுத்துச் செடி, பிறகு துடைப்பம் படாத ஒரு மூலை, கடைசியில்தான் தானியம். பணம் அதிகம் ஆகாது. கொல்லை கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகன்ற மண் தட்டு போதும். ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் இரண்டு அங்குலம், அதற்குமேல் ஆழம் வேண்டாம். பறவை குடிக்க மட்டும் வருவதில்லை, குளிக்கவும் வருகிறது. நின்றால் கால் தரையில் பட வேண்டும். எவர்சில்வர் தட்டும் பிளாஸ்டிக் தட்டும் வழுக்கும். சித்திரை வெயிலில் அவற்றிலுள்ள தண்ணீர் கொதிக்கும். மண் தட்டில் நீர் கசிந்து கசிந்து குளிர்ந்திருக்கும். நடுவில் சொரசொரப்பான தட்டைக்கல் ஒன்றைப் போட்டுவிடுங்கள். சின்னப் பறவைகள் முதலில் அதன்மேல் இறங்கித்தான் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அடர்ந்த செடிக்குப் பக்கத்தில் வைத்தால் பூனை அதற்குள் பதுங்கிக்கொள்ளும். நனைந்த பறவையால் சட்டென்று எழும்ப முடியாது. வெட்டவெளியில் வைத்தாலோ வல்லூறுக்குப் பயந்து பறவை இறங்காது. செடியிலிருந்து ஆறேழு அடி தள்ளி, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் இருப்பது நல்லது. பழைய வீடுகளில் துவைக்கிற கல் சும்மா கிடக்கிறதே, அதைவிடப் பொருத்தமான பீடம் கிடையாது. தட்டுக்கு மேலே, எட்டும் தூரத்தில், ஒரு காய்ந்த கிளையைக் கட்டிவிட்டால் இறங்குமுன் நோட்டம் பார்க்கவும் குளித்தபின் இறகு கோதவும் அதில் உட்காரும். நீங்கள் நன்றாகப் பார்க்கப்போவதும் அந்தக் கிளையில்தான்.

தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். இதற்குச் சோம்பல் பட்டால் தட்டே வைக்காதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் பக்கச் சுவரில் முட்டையிடுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கொட்டி நிரப்பினால் போதாது, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம். காக்கைக்கு இன்னொரு பழக்கம் உண்டு: எங்கிருந்தோ எடுத்து வந்த காய்ந்த ரொட்டியையும் எலும்பையும் தட்டில் போட்டு ஊறவைத்துத் தின்னும். அன்றைக்கு இரண்டு தடவை மாற்றுங்கள். காக்கையை விரட்டாதீர்கள், அதற்கும் தாகம்தான்.

எல்லாப் பறவையும் தட்டில் குளிக்காது. கொண்டைக்குருவியும் மைனாவும் தவிட்டுக்குருவியும் தட்டைக் கலக்கி எடுத்துவிடும். தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் ஈர இலைதான் குளியலறை. காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது வாழை இலையிலும் செம்பருத்தி இலையிலும் பூவாளியால் தெளித்துவிட்டு, ஒதுங்கி நின்று பாருங்கள். இலைமேல் உருண்டு, நெஞ்சைத் தேய்த்து, சிறகடித்து, இரண்டு நிமிடத்தில் குளித்து முடித்துவிடும். சிட்டுக்குருவிக்கு மண் குளியலும் வேண்டும். சுவரோரம் இரண்டடிக்கு இரண்டடி, சிமெண்ட் போடாத, உலர்ந்த புழுதி மண் இருந்தால் அது குழி பறித்துக் குளிக்கும். சிமெண்ட் போட்ட முற்றங்களில் அதற்கு இடமில்லை.

செடிகள்

புதிதாக ஒரு மரம் வைத்துப் பறவைக்காகப் பத்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. கொல்லையில் ஏற்கெனவே இருப்பவற்றை அப்படியே விட்டுவைப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கறிவேப்பிலை மரத்தைப் பழுக்க விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் விடமாட்டோம், கொழுந்து கொழுந்தாக ஒடித்துவிடுவோம். ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் ஒடிக்காமல் விடுங்கள். பழம் கறுக்கும் நாளில் குயிலும் கொண்டைக்குருவியும் தாமாக வந்து சேரும். வேம்பும் அப்படித்தான். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது ஒரு மரத்தில் எத்தனை வகைப் பறவைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

முருங்கை தனியே சொல்லத் தக்கது. அதன் பூவுக்குத் தேன்சிட்டு வரும், பூவிலுள்ள பூச்சிக்குக் கரிச்சான் வரும். எல்லாவற்றையும்விட, காய்ந்த முருங்கைக் கிளை செம்மார்புக் குக்குறுவானின் வீடு. வெயில் காலப் பகலில் பாத்திரக்காரர் செம்பு தட்டுவதுபோல் இடைவிடாமல் 'டொக், டொக்' என்று கேட்குமே, அந்தக் குரலுக்கு உரிய பறவை அதுதான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது, பச்சை உடல், நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு. பட்டுப்போன மெல்லிய மரத்தில் அலகால் துளை போட்டுக் குஞ்சு பொரிக்கும். அதற்குப் பிறகு காலியான பொந்தில் வேறு பறவைகள் குடியேறுவதும் உண்டு. எனவே முருங்கையைக் கழிக்கும்போது ஒரு காய்ந்த கிளையை விட்டுவிடுங்கள். ஆள் நடக்கும் பாதைக்கு மேலே இருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

இவை தவிர வாழை, செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை ஆகியவை தேன்சிட்டுக்கு. மருதாணி வேலியும் எலுமிச்சையும் கூடு கட்ட. முள்ளும் அடர்த்தியும் பூனையைத் தடுக்கும். கொடுக்காப்புளி இருந்தால் கிளி வரும். பப்பாளியில் எட்டாத உச்சிப் பழத்தைப் பறிக்க ஏணி தேடாதீர்கள்.

பூச்சிமருந்து மட்டும் கூடவே கூடாது. எலுமிச்சை இலையில் புழுவைக் கண்டதும் மருந்தடிக்கத் தோன்றும். அந்தப் புழுதான் குஞ்சுக்குச் சோறு. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவை என்று நினைக்கிறோம், ஆனால் அது தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும். புழு இல்லாத தோட்டத்தில் எத்தனை மரப்பெட்டி மாட்டினாலும் குஞ்சு தேறாது. எலி மருந்தும் அப்படியே. மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கூகையும் புள்ளி ஆந்தையும் எளிதாகப் பிடித்துத் தின்றுவிட்டு அவையும் சாகும். எலிக்குப் பொறி வையுங்கள்.

பெருக்காத மூலை

என் அம்மாவுக்குக் கொல்லையில் சருகு கிடந்தால் பொறுக்காது. விடியுமுன் எழுந்து வேலிவரை பெருக்கி, குவித்து, கொளுத்திவிடுவாள். மாமரத்துக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். மூன்று மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், "அந்தப் பக்கம் நான் பார்க்கவே மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

சருகு ஈரத்தில் மக்க மக்க அதற்குள் கறையான், மண்புழு, வண்டு, நத்தை எல்லாம் சேர்ந்தன. முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது. ஏழெட்டாகவே திரியும், ஒவ்வோர் இலையாகப் புரட்டும், ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். வெண்தலைச் சிலம்பன் என்பது அதன் நூற்பெயர். பிறகு குண்டுக்கரிச்சான் வந்தது. ஐப்பசியில் ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரம், அந்த மூலையிலிருந்து இரண்டு சுரத்தில் தெளிவான சீழ்க்கை கேட்டது. யாரோ வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால், சருகின்மேல் தத்திக்கொண்டு நின்றது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, சிறகில் வெளிர்நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்மேல் அகலமான கறுப்புப் பட்டை, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் குட்டை வால். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிற பறவை அது. விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பங்குனிவரை அந்த மூலையை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பக்கம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனதே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதை அவளே காட்டினாள்.

பாம்பு வருமே என்ற பயம் நியாயமானது. ஆகவே அந்த மூலை வாசல்படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் தள்ளி, வேலியோரம் இருக்கட்டும். குழந்தைகள் அங்கே வெறுங்காலுடன் போகக் கூடாது. செங்கல், ஓடு, விறகு ஆகியவற்றை அங்கே அடுக்காதீர்கள். பாம்புக்கு ஒளிவிடம் அவைதான். சருகைவிடப் பாம்பை அதிகம் இழுப்பது எலி. எலியை இழுப்பது சிந்திக் கிடக்கும் தானியம்.

தானியம்

அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். போடுவதென்றால் காலையில் ஒரு கைப்பிடி: கம்பு, தினை, நொய்யரிசி. வெயில் ஏறுமுன் தீர்ந்துவிடும் அளவுதான் வைக்க வேண்டும். மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். சிட்டுக்குருவியும் புள்ளிச் சில்லையும் மணிப்புறாவும் வரும். மாடப்புறாக்கள் கூட்டமாக இறங்கத் தொடங்கினால் சில வாரங்களுக்குத் தானியத்தையே நிறுத்திவிடுங்கள். அவை மற்றவற்றை அண்டவிடாது, எச்சத்தின் தூசு நம் நுரையீரலுக்கும் ஆகாது. வாழைப்பழம், கொய்யா, பப்பாளித் துண்டுகளை ஆணியில் குத்தி வைத்தால் கொண்டைக்குருவியும் மைனாவும் கொத்தும்.

மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ஊறுகாய் படிந்த சோறு எதுவும் வைக்கக் கூடாது. சின்ன உடம்பு உப்பைத் தாங்காது. சாப்பிடுமுன் காக்கைக்கு வைக்கும் சோறு உப்பில்லாத வெறும் சோறாக இருப்பது நல்ல வழக்கம். கனுப்பொங்கலன்று பெண்கள் மஞ்சள் இலையில் மஞ்சள் சோறும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்த சிவப்புச் சோறும் உருண்டை பிடித்து வைக்கிறார்களே, அதிலும் கடைச் சாயப்பொடி வேண்டாம். பழைய முறையே போதும்.

சிட்டுக்குருவிப் பெட்டி பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுவதால் பெட்டிகள் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. வாங்குமுன் இரண்டைப் பாருங்கள். வாசல் துளை 32 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெரிதானால் மைனா புகுந்துகொள்ளும். துளைக்குக் கீழே உட்காரும் குச்சி கூடாது. குருவிக்கு அது தேவையில்லை, கொள்ளையடிக்க வருபவற்றுக்குத்தான் அது பிடிமானம். எட்டு, பத்து அடி உயரத்தில், தாழ்வாரத்து நிழலில், மழைச் சாரல் அடிக்காத பக்கம் மாட்டுங்கள். மின்விசிறி சுழலும் கூடத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். விசிறியில் அடிபட்டுச் செத்த குருவிகளை நான் கையில் எடுத்திருக்கிறேன்.

அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு: பால்கனியில் ஒரு மண் தட்டு, ஒரு தொட்டி செம்பருத்தி, ஒரு தொட்டி இட்லிப்பூ. தேன்சிட்டு மூன்றாவது மாடிக்கும் வரும். துணிக்கொடியிலும் அழைப்புமணிக் கம்பியிலும்கூடச் சிலந்தி நூலால் தொங்குகூடு கட்டும். கட்டிவிட்டால் அந்தக் கொடியில் ஒரு மாதம் துணி போடாதீர்கள்.

பார்ப்பது

காலை ஆறிலிருந்து எட்டு மணி, மாலை நாலரையிலிருந்து இருட்டும்வரை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கால் மணி நேரம் உட்காருங்கள். பறவைகளுக்கு உங்கள் உருவம் பழகிவிடும். பத்து நாளில் அவை உங்களைத் தூணாக மதிக்கத் தொடங்கும். பளிச்சென்ற சட்டை வேண்டாம், கைகாட்டிப் பேச வேண்டாம். இருநோக்கி வாங்குவதென்றால் 8x42 அளவு போதும். எட்டு என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இதைவிடப் பெருக்கினால் கை நடுக்கமும் பெருகும்.

பெயர் தெரியாத பறவையைக் கண்டால் நிறத்தை முதலில் பிடிக்காதீர்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் ஏமாற்றும். அளவைப் பிடியுங்கள். சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் ஒவ்வொரு பறவையையும் சிட்டுக்குருவி அளவு, மைனா அளவு, காக்கை அளவு என்று தெரிந்த பறவையோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார். அதைவிட எளிய வழி இன்றுவரை இல்லை. அளவுக்குப் பிறகு அலகு, அதன் பிறகு வால், அப்புறம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது. மண்ணைக் கொத்தியதா, பூவைக் கிண்டியதா, பறந்துகொண்டே பூச்சி பிடித்ததா? கொண்டையை விரித்துப் புல்தரையைக் கொத்தும் கொண்டலாத்தியை மரங்கொத்தி என்று சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். மரங்கொத்தி மரத்தைப் பிடித்துச் செங்குத்தாக ஏறும். கொண்டலாத்தி தரையில் நடக்கும். இதைக் கவனித்தாலே குழப்பம் தீர்ந்தது. ஆண் குயில் கறுப்பு, செங்கண். பெண் பழுப்பு உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி. அதை வேறு பறவை என்றே பலர் நினைக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் காக்கைக் கூட்டை எட்டிப் பாருங்கள், குயிலின் குஞ்சுக்குக் காக்கை ஊட்டிக்கொண்டிருக்கும்.

காதையும் பழக்குங்கள். தவிட்டுக்குருவியும் மைனாவும் அணிலும் ஒரே இடத்தைப் பார்த்துச் சேர்ந்து கத்தினால் அங்கே பூனையோ பாம்போ வல்லூறோ இருக்கிறது. ஒரே ஒரு கூரிய சத்தத்தோடு கொல்லை முழுதும் அடங்கிப்போனால் வல்லூறு தலைக்குமேல் வந்துவிட்டது. குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் செயலி இலவசம். உதவும், ஆனால் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் இடத்தில் இன்னொன்று புகுந்துவிட்டது என்று நம்பி அது இரையை மறந்து அலையும்.

தொந்தரவுகள்

கொண்டைக்குருவியோ குண்டுக்கரிச்சானோ வண்டிக் கண்ணாடியை விடாமல் கொத்தினால், அது தன் பிம்பத்தை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. கண்ணாடிமேல் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள். கூடு கண்டால் கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள், இலையை விலக்காதீர்கள். நீங்கள் எட்டிப் பார்ப்பதைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அநேகமாக அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை மட்டும் விரட்டிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வீண் பயம். பால் ஊற்றாதீர்கள், வாயைப் பிளந்து தண்ணீர் விடாதீர்கள். அடிபட்டிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். அழகாக இருக்கிறதென்று கிளிக்குஞ்சைக் கூண்டில் போட்டு வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் கலையக் கூடாதென்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கொல்லையில் கூடு இருக்கும் வருடம் நாமும் அந்தப் பக்கம் வெடிக்காமல் இருக்கலாம்.

குறிப்பேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், பறவை, எத்தனை, என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் படம் கிறுக்கி வையுங்கள், ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நம் பெயர்களை அறிய க. ரத்னத்தின் 'தமிழில் பறவைப் பெயர்கள்' துணை செய்யும். ஓராண்டு எழுதினால் வேப்பம்பழம் உதிரத் தொடங்கியது என்றைக்கு, ஆறுமணிக்குருவி வந்தது என்றைக்கு என்பதெல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

அந்தக் கணக்கை இ-பேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு 2013 முதல் இந்தியாவிலும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தனியே ஒரு கணக்கெடுப்பு உண்டு. வேடந்தாங்கலுக்குப் போக வேண்டியதில்லை. குறைந்தது 15 நிமிடம், எந்த இடமானாலும் சரி, கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் எல்லாம் சேர்த்தி. காக்கை, மைனாதானே என்று விட்டுவிடாதீர்கள். சிட்டுக்குருவியை எல்லோரும் அப்படித்தான் எண்ணாமல் விட்டோம். அது குறைந்தபோது முன்பு எத்தனை இருந்தது என்று சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. வருகிற பொங்கலுக்கு உங்கள் கொல்லையின் கால் மணி நேரமும் அந்தக் கணக்கில் சேரட்டும்.